“செட்டிங்ஸ்ல மாத்திக்கலாமே” என்ற சாக்கு

மாதத்தின் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். கடைக் கணினியில் டேலி திறக்க மறுக்கிறது. ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போகிறது. “அண்ணே, எனிடெஸ்க் இறக்கிட்டு நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் உள்ள வந்து பாத்துடறேன்” என்கிறார் மறுமுனையில் இருக்கும் இளைஞர். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணை வாசிக்கிறார். திரையில் ஒரு பெட்டி எழுகிறது. கல்லாவுக்கு முன்னால் ஆள் நிற்கிறது. பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டு எழுந்து போகிறார். உள்ளே வருபவர் விசைப்பலகையைத் தொடலாமா, ஒலியைக் கேட்கலாமா, காப்பி செய்து வைத்திருப்பதை எடுக்கலாமா என்பதற்கெல்லாம் அந்தப் பெட்டியில் சிறு சிறு குறிகள் இருந்தன. பெரும்பாலானவை முன்பே அனுமதிக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்காக யாரோ, என்றோ தேர்ந்தெடுத்து வைத்துவிட்டிருந்தார்கள்.

இதைக் குறையாகச் சொன்னால் கணினித் துறையில் ஒரே பதில்தான் வரும்: “பிடிக்கலைன்னா செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கலாமே!”

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதை அதன் முழு வலுவோடே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் செய்கிறவர் கோடிக்கணக்கானவர்களுக்காக ஒரே பொருளைச் செய்கிறார். பெங்களூரில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கும், தெருமுனை மருந்துக்கடைக்கும் பொருந்துகிற ஒரே தொடக்கநிலை என்று எதுவும் கிடையாது. எனவே ஏதோ ஒன்றை நடுவாக வைத்துவிட்டு, மாற்றும் உரிமையைப் பயனரிடமே விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு வரும் தொல்லைக்குப் பயனரே பொறுப்பு. கேட்பதற்கு இது நியாயமாக, ஜனநாயகமாகக்கூட இருக்கிறது. எழுத்துரு அளவுக்கும் திரையின் நிறத்துக்கும் ஒருவேளை பொருந்தலாம். ஒருவருடைய கணினிக்குள் இன்னொருவரை அனுப்பிவைக்கும் மென்பொருளுக்கு இந்த வாதம் எந்தக் கோணத்திலும் பொருந்தாது.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடலாம். கணினித் தமிழில் ‘டிஃபால்ட்’ என்பதற்கு இயல்பிருப்பு, முன்னிருப்பு, முன்னமைவு என்று பல சொற்கள் புழங்குகின்றன. இயல்பிருப்பு என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். மழை பெய்வதுபோல் அது தானாகவே அமைந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கும். உண்மையில் கடனைக் கட்டத் தவறுவதை வங்கிக்காரர்கள் எந்த ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறார்களோ, அதே சொல்தான் இதுவும். ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்குமோ அதுதான் டிஃபால்ட். கணினியில் அந்த ‘என்ன நடக்கும்’ என்பதை முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து அமைக்கிறார். ஆகவே முன்னமைவு என்ற சொல்லே நேர்மையானது. அமைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அது மறைப்பதில்லை.

பயனர்கள் உண்மையிலேயே மாற்றுகிறார்களா? இணைய வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் பல ஆண்டுகளுக்கு முன் தன் குழுவோடு செய்த ஒரு வேலையைப் பற்றி 2011-இல் எழுதினார். மைக்ரோசாஃப்ட் வேர்டு பயன்படுத்துபவர்களிடம் அவர்களுடைய அமைப்புக் கோப்பை அனுப்பச் சொல்லி, எத்தனை பேர் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஏதாவது ஒன்றையாவது மாற்றியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்து வேர்டில் எழுதுவதைத் தானாகச் சேமிக்கும் வசதி அணைக்கப்பட்டே வந்தது. மின்சாரம் போனால் எழுதியது போச்சு. ஏன் அதை இயக்கவில்லை என்று கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் அணைத்து வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்ற பொருளில் பதில் வந்தது. காரணத்தைத் தேடிப் போனால், நிரலாளர் அமைப்புக் கோப்பைத் தொடங்கும்போது எல்லா இடத்திலும் பூஜ்யத்தை நிரப்பிவைத்திருந்தார், அவ்வளவுதான். பூஜ்யம் என்றால் ‘வேண்டாம்’.

அதாவது, பயனர் முன்னமைவை வல்லுநரின் பரிந்துரையாக எடுத்துக்கொள்கிறார். “மாத்திக்கலாமே” என்பவர்களோ அதைப் பயனரின் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் நம்பிக்கையால் சும்மா இருக்கிறார். இன்னொருவர் அந்தச் சும்மா இருத்தலையே கையெழுத்தாக்கிக்கொள்கிறார்.

வேர்டிலாவது மாற்ற வேண்டியவரும் பாதிக்கப்படுகிறவரும் ஒரே ஆள். ரிமோட் சப்போர்ட் மென்பொருளில் ஆட்கள் இரண்டு பேர், கணினிகள் இரண்டு, அமைப்புகளும் இரண்டு. உதவி செய்கிறவர் தன் கணினியில் நாள் முழுக்க உட்கார்ந்து செட்டிங்ஸைச் செதுக்கி வைத்திருக்கலாம். ஆனால் உள்ளே வருபவரை எதுவரை அனுமதிப்பது என்பதைத் தீர்மானிப்பது மறுமுனைக் கணினியில் இருக்கும் அமைப்பு. அந்தக் கணினியில் மென்பொருள் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன் உரிமையாளர் அதை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிறார், அதுவும் ஏதோ ஒன்று பழுதாகிப் பதற்றத்தில் இருக்கும்போது. அந்த நேரத்தில் அவர் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, அனுமதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டாததை நீக்குவார் என்று நம்புவது, வயிற்றுவலியோடு வந்தவர் மருந்துச் சீட்டின் இரசாயனப் பெயர்களைச் சரிபார்ப்பார் என்று நம்புவதைப் போன்றது.

சின்ன எரிச்சல்களிலிருந்தே இதைப் பார்க்கலாம். டீம்வியூவர் என்ற ரிமோட் சப்போர்ட் மென்பொருளில் இணைந்ததும் மறுமுனைத் திரையின் பின்னணிப் படம் மறைந்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பேரக்குழந்தையின் படம் இருந்த இடம் சட்டென்று கறுப்பாகும். “தம்பி, போட்டோ போயிருச்சே” என்ற பதற்றக் குரலை இந்த வேலை பார்க்கும் எவரும் கேட்டிருப்பார்கள். இணைப்பு மெதுவாக இருந்த காலத்தில், படத்தை அனுப்பாமல் விட்டால் திரை வேகமாக நகரும் என்று செய்த ஏற்பாடு அது. வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்த பிறகும் முன்னமைவு அப்படியே நின்றது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேறொரு தொல்லை. நீங்கள் எந்த விசைப்பலகை அமைப்போடு உள்ளே போகிறீர்களோ அதையும் கூடவே மறுமுனைக்குள் இழுத்துக்கொண்டு போகும். தமிழ்99-இல் தட்டச்சு செய்கிறவர் கணினியில் தொடர்பே இல்லாத அமெரிக்க, பிரிட்டிஷ் விசைப்பலகைகள் பட்டியலில் முளைத்து நிற்பதற்கு இது ஒரு காரணம். தடுக்க வழி உண்டா என்றால் உண்டு: ரெஜிஸ்ட்ரிக்குள் போய் ஒரு மதிப்பைக் கையால் சேர்க்க வேண்டும். “மாத்திக்கலாமே” என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

இவை பொறுத்துக்கொள்ளக்கூடியவை. எரிச்சலூட்டும் எல்லா முன்னமைவும் கெட்டது என்று வாதிடுவதும் தவறு. ஒரு எதிர் உதாரணம் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஏதாவது நிறுவ முயன்றால், நிர்வாகி அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டி வரும்போது திரை மங்கித் தனியான ஒரு பாதுகாப்புத் தளத்துக்கு மாறும். தொலைவிலிருந்து உதவிக்கொண்டிருப்பவருக்கு அப்போது எதுவும் தெரியாது, கறுப்புத் திரைதான். “சார், இப்ப என்ன வந்திருக்கு? ‘எஸ்’னு ஒண்ணு இருக்கா? அதை அமுக்குங்க” என்று போனில் கெஞ்ச வேண்டும். தொழில்நுட்ப ஊழியர்கள் மிக அதிகமாகத் திட்டும் முன்னமைவுகளில் இதுவும் ஒன்று. ஆனால் இது சரியான முன்னமைவு. கணினியின் ஆணிவேரைத் தொடும் அனுமதியை, தொலைவில் இருப்பவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் ஏற்பாடு. ஊழியருக்கு இரண்டு நிமிடம் வீணாகும். அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பச் சம்பாதித்துவிடலாம்.

எல்லாருக்கும் பொருந்தும் முன்னமைவு கிடையாது என்ற வாதத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எல்லாரையும் திருப்திப்படுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தவறாகப் போனால் எந்த இழப்பை மீட்க முடியும், எதை மீட்க முடியாது என்று பார்த்து, மீட்க முடியாத பக்கம் கதவைச் சாத்தி வைக்கச் சொல்கிறோம். திறக்கத் தெரிந்தவர் திறந்துகொள்வார். சாத்தத் தெரியாதவரிடம் திறந்த கதவைக் கொடுப்பதுதான் சிக்கல்.

கிளிப்போர்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் இங்கே காப்பி செய்ததை அங்கே ஒட்டலாம். அதற்கான குறியீட்டுப் பெட்டி நெடுங்காலமாக முன்கூட்டியே டிக் செய்யப்பட்டே வந்தது. வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் மறுமுனைக் கணினி நச்சு நிரலால் கெட்டுப்போயிருந்தால், அங்கிருந்து ஒரு கோப்பைக் காப்பி செய்து இங்கே ஒட்டும்போது, நீங்கள் கேட்காத கோப்பை நீங்கள் நினைக்காத இடத்தில் அதனால் வைத்துவிட முடியும் என்று செக் பாயிண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2019 பிப்ரவரியில் காட்டினார்கள். உதவப் போனவர் கணினியே மாட்டிக்கொள்ளும். இதற்குத் திருத்தம் வெளியிடும் அளவுக்கு விஷயம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் முதலில் கருதியது. அதே ஆண்டு ஜூலையில் திருத்தம் வந்தது. ஒட்டும் வசதி தேவையே இல்லாமல் வெறுமனே ஒரு சேவையை மறுபடி இயக்கிவிட்டு வெளியேறியவர்களுக்கும் அந்த டிக் இருந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்து, ஏமாந்தவர்மேல் பழி போடுவது. 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி நாட்டின் வங்கிகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. மோசடிக்காரர் வங்கி ஊழியர்போல் பேசி எனிடெஸ்க் செயலியை இறக்கச் சொல்கிறார். திரையில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கிறார். பிறகு சில அனுமதிகளைத் தட்டச் சொல்கிறார். அவ்வளவுதான், கைபேசி அவர் கைக்குப் போய்விடுகிறது, யுபிஐ வழியாகப் பணம் வெளியேறுகிறது. செயலி சட்டப்படியானது, அதில் பிழை ஏதும் இல்லை. மோசடிக்காரர் கைபேசிக்குள் உடைத்து நுழையவில்லை. கதவுக்காரரிடம் பேசிக் கதவைத் திறக்க வைத்தார். “முன்பின் தெரியாதவனிடம் எண்ணைச் சொன்னது யார் தப்பு?” என்று கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முகம் தெரியாத ஒருவரிடம் எண்ணைச் சொல்வதுதான் இந்த மென்பொருளின் அன்றாட, நியாயமான பயன்பாடே. ஆடிட்டர் ஆபீஸ் இளைஞரையும் கடைக்காரர் நேரில் பார்த்ததில்லை. இரண்டு அழைப்புகளும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். வித்தியாசம் காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை.

முடியாத வேலையுமல்ல. அழைப்பில் இருந்தபடியே திரையைப் பகிர்ந்துகொண்டு ஒருவர் வங்கிச் செயலியைத் திறந்தால் குறுக்கே எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டை 2025-இல் கூகுள் பிரிட்டனில் சோதிக்கத் தொடங்கியது. பயனர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி எச்சரித்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.

“பெரிய நிறுவனங்கள் கொள்கை வகுத்து எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாமே” என்றும் ஒரு பதில் வரும். உண்மை. அவர்களிடம் சம்பளம் வாங்கும் நிர்வாகி இருக்கிறார், அதற்கான கருவிகளும் இருக்கின்றன. ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பில் அப்படிக் கொள்கை வகுக்க உதவும் குழுக் கொள்கைத் திருத்தியே கிடையாது. புதுக் கணினி வாங்கும் வீட்டுக்காரரும் சிறு கடைக்காரரும் பெறுவது பெரும்பாலும் அந்தப் பதிப்பைத்தான். அதிகம் தெரிந்தவருக்குச் சுவிட்சுகள் நிறைந்த பலகையைக் கொடுத்துவிட்டு, குறைவாகத் தெரிந்தவரிடம் சுவரை மட்டும் கொடுத்து, இருவரிடமும் “மாத்திக்கோங்க” என்று சொல்வது என்ன நியாயம்?

செய்ய முடியுமா, செய்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு ஃபயர்வால் இருந்தது, அணைக்கப்பட்ட நிலையில். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுவதும் பரவியது. கணினி ஒரு நிமிடக் கெடு வைத்துத் தானாக அணைந்து எழும் அந்தக் காட்சியை அப்போது நெட் சென்டர்களில் உட்கார்ந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழு நுழைந்த வழியை அடைக்கும் கேடயம் பெட்டிக்குள்ளேயே இருந்தது, யாரும் மாட்டிவிடவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான சர்வீஸ் பேக் 2-இல் மைக்ரோசாஃப்ட் அதை இயக்கியே அனுப்பியது. அதன்பின் ஃபயர்வால் இல்லாத விண்டோஸ் என்ற பேச்சே இல்லை. சில மென்பொருள்கள் இணைய மறுத்தன, சிலர் திட்டினார்கள், கொஞ்ச நாளில் மறந்தும் போனார்கள்.

இன்னும் தெளிவான சான்று ஜூம். கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் அதற்குள் குடிபுகுந்தபோது, கூட்டத்துக்குள் வந்த எவரும் தன் திரையைப் பகிரலாம் என்பதே முன்னமைவு. இணைப்பு கிடைத்த அந்நியர்கள் வகுப்புக்குள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். 2020 மார்ச் 30 அன்று எஃப்பிஐயின் பாஸ்டன் அலுவலகம் எச்சரிக்கை விடுத்தது. தடுக்கும் வசதிகள் அத்தனையும் அதற்கு முன்பே ஜூமில் இருந்தன. காத்திருப்பு அறை இருந்தது, கடவுச்சொல் இருந்தது, திரைப் பகிர்வை நடத்துநருக்கு மட்டும் ஒதுக்கும் வசதியும் இருந்தது. ஆசிரியர்கள்தான் ‘மாத்திக்கொள்ள’வில்லை, அதுவரை வகுப்பை இணையத்தில் நடத்தியே அறியாத ஆசிரியர்கள். ஜூம் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. பள்ளிக் கணக்குகளில் திரைப் பகிர்வை நடத்துநருக்கு மட்டும் என மாற்றியது. ஏப்ரல் 5 முதல் இலவசக் கணக்குகளிலும் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்க வைத்தது. கெடுபிடி செய்தால் பயனர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. மார்ச்சில் நாளொன்றுக்கு 20 கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு ஏப்ரலில் 30 கோடியானது.

முன்னமைவுகளைக் குறைசொல்கிறவர்களும் சில நேரம் உதாரணத்தில் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓல்ட்ஸ்மார் என்ற சிற்றூரின் குடிநீர் நிலையத்துக்குள், 2021 பிப்ரவரி 5 அன்று யாரோ டீம்வியூவர் வழியாக நுழைந்து, சோடியம் ஹைட்ராக்சைடு அளவைப் பத்து லட்சத்தில் 100 பங்கிலிருந்து 11,100-க்கு ஏற்றியதாகச் செய்தி பரவியது. ஊழியர் உடனே பார்த்துக் குறைத்துவிட்டார். தொலைதூர மென்பொருளின் ஆபத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் அது ஊழியர் ஒருவரின் தவறாகவே இருக்கலாம் என்று அவ்வூரின் முன்னாள் நிர்வாகியே 2023-இல் சொன்னார். வெளித் தாக்குதல் என்பதை எஃப்பிஐயாலும் உறுதிசெய்ய முடியவில்லை. எனவே அதை ‘ஹேக்கர் கதை’யாகச் சொல்வதை விட்டுவிடலாம். விசாரணையில் வெளிவந்த வேறொரு தகவலே போதும்: அந்த நிலையத்தின் கணினிகள் அனைத்தும் தொலைவிலிருந்து நுழைய ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அப்படி வைத்துக்கொள்ள மென்பொருள் இடம் கொடுத்தது.

மென்பொருள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒழுங்காக நடந்துகொண்டாலும், பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒரு முன்னமைவு அதைக் கவிழ்த்துவிடலாம். மைக்ரோசாஃப்டின் குவிக் அசிஸ்டில் உதவுபவருக்கு முதலில் திரை மட்டுமே தெரியும். கட்டுப்பாடு வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும், கணினிக்காரர் தனியாக இசைய வேண்டும். பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் விண்டோஸ் 11-இல் அது நிறுவப்பட்டே வருகிறது. 2024 ஏப்ரல் மாத நடுவிலிருந்து ஒரு கும்பல், குறிவைத்தவர்களின் அஞ்சல் பெட்டியைக் குப்பை அஞ்சல்களால் நிரப்பிவிட்டு, “ஐடி பிரிவிலிருந்து பேசறோம், சரிபண்ணித் தரோம்” என்று அழைத்து, குவிக் அசிஸ்டைத் திறக்கச் சொல்லி உள்ளே நுழைந்து, கடைசியில் பிளாக் பாஸ்டா என்ற பிணைமீட்பு நச்சுநிரலை இறக்கியதை மைக்ரோசாஃப்டே மே மாதம் வெளியிட்டது. எதையும் இறக்கச் சொல்ல வேண்டிய வேலைகூடக் கும்பலுக்கு மிச்சம். அதே அறிக்கையில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஆலோசனையும் சொன்னது: இந்தக் கருவியைப் பயன்படுத்தாதவர்கள் அதைத் தடுப்பதையோ நீக்குவதையோ பரிசீலிக்கலாம். நிறுவி அனுப்பியவர் அவர்கள், நீக்க வேண்டியவர் நீங்கள்.

“மாத்திக்கலாமே” என்று சொல்கிறவர்களில் பலர் தொழில்நுட்பம் நன்கு தெரிந்தவர்கள். தங்கள் கணினியில் உண்மையிலேயே மாற்றிக்கொள்கிறவர்கள். அதனால்தான் அவர்களுக்கு இது புரிவதில்லை. தன்னால் முடிந்ததைப் பிறர் செய்யாதது சோம்பலாகத் தெரிகிறது. முன்னமைவு என்ற ஒன்று இருப்பதே மாற்றத் தெரியாதவருக்காகத்தான். மாற்றத் தெரிந்தவருக்கு எந்த முன்னமைவும் சம்மதமே.

கடைசியாக, இதெல்லாம் வெறும் புலம்பல், சந்தை எதை விரும்புகிறதோ அதைத்தான் நிறுவனங்கள் கொடுக்கும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் உட்பட டிஜிட்டல் பொருள்கள் பாதுகாப்பான முன்னமைவோடுதான் சந்தைக்கு வர வேண்டும் என்று அது சொல்கிறது. பொறுப்பு தயாரிப்பவருடையது. சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகின்றன. டீம்வியூவர் ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து நிறுவனம். எனிடெஸ்க் அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தது.